கம்பளிப்பூச்சியின் பாஸ்வேர்டு

– மறுபடியும் சொல்றேன் டீச்சரம்மா, நான் உக்கார வரலை. என் பேத்தியை முப்பது பிள்ளைங்க நடுவுல எழுப்பி நிக்க வெச்சீங்களே, அப்ப அவளுக்கு யாரு நாற்காலி போட்டாங்க?

– நான் நிக்க வைக்கலை சார். அவளாத்தான் எழுந்து நின்னா. சரி, உங்க இஷ்டம். நான் உக்காந்துக்கறேன், தப்பா நினைக்காதீங்க. காலைலேருந்து நின்னு கால் கடுக்குது.

– தாராளமா உக்காருங்க, உங்க ரூம். நான் கேக்க வந்தது ஒண்ணே ஒண்ணு. எங்க வீட்டுப் பொண்ணை நம்ப முடியாதுன்னு சொன்னது யாரு?

– அப்படி யாருமே சொல்லலையே.

– வாயால சொன்னாத்தானா? கையில குடுத்ததைப் பிடுங்கினா அதுக்கு அர்த்தம் என்ன? மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவ தட்டைத் தொடலை. என்னன்னு கேட்டா, 'எல்லார் முன்னாடியும் நின்னேன், என் பாஸ்வேர்டை மாத்திட்டாங்க தாத்தா'ன்னு ஒரு வார்த்தை. அப்புறம் செருப்பை மாட்டிட்டுக் கிளம்பிட்டா. எங்க வம்சத்துல யார்கிட்டயும் பொறுப்பைக் குடுத்துட்டுத் திருப்பி வாங்கினது கிடையாது டீச்சரம்மா. எழுதி வெச்சுக்கோங்க.

– எதுக்கு மாத்தினேன்னு அவ சொல்லலையா?

– நான் கேக்கவும் இல்லை. கேக்க வேண்டிய இடத்துல கேப்போம்னு நேரா இங்க வந்துட்டேன்.

– அப்ப கேளுங்க சார். எங்க வகுப்புக்குன்னு ஒரு வெப்சைட் பண்ணியிருக்கோம். கட்டினது முழுக்கப் பிள்ளைங்கதான், நான் பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான். யார் எழுதினாலும் காவல்னு ரெண்டு பேர் படிச்சுப் பாப்பாங்க. வெளிய போகக்கூடாதது எதுவும் இல்லைன்னாத்தான் பக்கம் மேல ஏறும். மத்தவங்களுக்கு அவங்கவங்க பக்கத்தை மட்டும்தான் திறக்க முடியும். காவல் ரெண்டு பேரால எல்லாப் பக்கத்தையும் திறக்க முடியும். பிள்ளைங்களே ஓட்டுப் போட்டு எடுத்த ஆளுங்க. அதுல ஒருத்தி உங்க பேத்தி.

– அது தெரியும். அன்னிக்கு வீட்டுல ஒரே ஆட்டம்.

– நேத்து மத்தியானம் அவ பாஸ்வேர்டுல யாரோ உள்ள போய் எல்லாப் பக்கத்தையும் மாத்தியிருக்காங்க. அந்த நேரத்துல அவ டிராயிங் கிளாஸ்ல என் கண்ணு முன்னாடி பூசணிக்காய் வரைஞ்சிட்டிருந்தா.

– யாரோ இல்லை. நான்தான்.

– நீங்கதான்னு அவ சொன்னப்ப நான் முழுசா நம்பலை சார்.

– ஏன், நம்பறதுக்கு என்ன? ஒளிச்சு வெச்சுப் பேசற பழக்கம் எங்க குடும்பத்துல இல்லை. திருத்த வேண்டியதா இருந்துச்சு, திருத்தினேன். இன்னும் சொல்லப்போனா ஒரு நன்றியாவது வரும்னு எதிர்பார்த்தேன்.

– நன்றியா!

– பின்ன? நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது போல. இந்தப் பக்கத்துத் தபால் ஆபீஸ்ல மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். பாதி விலாசத்தோட எத்தனை கவர் வரும் தெரியுமா? 'தையக்காரர், மாடி வீடு'ன்னு எழுதியிருக்கும். 'மூக்குக்கண்ணாடி போட்ட வாத்தியார்'னு எழுதியிருக்கும். 'ஆள் தெரியவில்லை'ன்னு முத்திரை குத்தித் திருப்பி விடறது ஒரு நொடி வேலை. நான் விட்டதில்லை. பேனாவை எடுத்து மிச்ச விலாசத்தை நானே எழுதி அனுப்புவேன். அப்படிப்பட்டவன் உங்க வெப்சைட்டைத் திறந்து பாக்கறேன். முப்பது பிள்ளைங்க எழுதியிருக்கு. ஒண்ணுக்காவது பேர் இருக்கா? பருந்து. சுண்டெலி. பென்சில். அப்புறம் இன்னொரு பென்சில்.

– அவங்க ரெண்டு பேருக்கும் அதுல ஒரு வாரம் சண்டை சார். கடைசியில 'ரெண்டாம் பென்சில்'னு சமாதானம் ஆச்சு.

– சிரிக்காதீங்க. எங்க வீட்டுப் பொண்ணு எங்கடான்னு தேடறேன், கம்பளிப்பூச்சியாம்! என்னைப் பெத்தவ பேரை அவளுக்கு வெச்சிருக்கோம். அந்தப் பேரைத் தூக்கி ஓரமா வெச்சுட்டுக் கம்பளிப்பூச்சி. கண்டாலே விளக்குமாத்தை எடுப்போம் அதை.

– பின்னாடி பட்டாம்பூச்சி ஆயிடலாம்னு யோசிச்சு வெச்சாளாம்.

– ஆகற வரைக்கும் என்ன பண்றது? பேர் போடாம எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பினா அதுக்கு எங்க ஆபீஸ்ல மொட்டைக் கடுதாசின்னு பேரு. எங்க குடும்பத்துல மொட்டைக் கடுதாசி போட்டவன் இன்னிக்கு வரைக்கும் இல்லை. தைரியமா எழுதறவன் கீழ பேர் போடுவான்.

– அதனால முப்பது பேருக்கும் நீங்களே போட்டுட்டீங்க.

– பேரு, தகப்பன் பேரு, வீட்டு நம்பர், தெரு. ஒரு எழுத்துத் தப்பு இருக்காது. அந்த ரெண்டாம் பென்சில் வீடுதான் கொஞ்சம் இழுத்தடிச்சுது. வீடு மாத்திட்டாங்க. பழைய வீட்டுக்காரருக்கு போன் போட்டு விசாரிச்சுத்தான் எழுதினேன்.

– போன் போட்டு விசாரிச்சீங்களா?

– தப்பு விலாசம் எழுதச் சொல்றீங்களா?

– ஐயோ சார். சரி, எனக்கு ஒரு சந்தேகம். பிள்ளைங்க யாரும் பேர் போடலை. ஒரு போட்டோவுல கூட முகம் கிடையாது. பருந்து யாரு, சுண்டெலி யாருன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

– இது ஒரு பெரிய வித்தையா? 'எங்கப்பா ராத்திரி லாரி ஓட்டுவார், எங்க ஜன்னல்லேருந்து பாத்தா தண்ணித் தொட்டி தெரியும்'னு பருந்து எழுதியிருக்கான். தண்ணித் தொட்டிக்கு எதிர்ல லாரிக்காரர் வீடு ஒண்ணே ஒண்ணுதான். படிச்சுக்கிட்டு வர்றப்பவே கை தானா நம்பரை எழுதிடுது.

– அந்தத் தண்ணித் தொட்டி வெளிய வந்தது எங்க தப்புதான். காவல் ரெண்டு பேரும் விட்டுட்டாங்க, நானும் விட்டுட்டேன். வாரம் ஒருநாள் பிள்ளைங்களுக்கு ஒரு விளையாட்டு வெப்பேன் சார். ஒருத்தர் பக்கத்தை இன்னொருத்தர் படிச்சு, எழுதினவங்க வீடு எங்க இருக்குன்னு துப்பறியணும். கண்டுபிடிச்சுட்டா எழுதினவங்க தோத்தாங்க, போய்த் திருத்தணும். நீங்க வந்து உக்காந்திருந்தா முப்பது பேரும் தோத்திருப்பாங்க.

– அதுல என்ன சந்தேகம்.

– பெருமையா சொல்லலை சார் நான். இந்த ஸ்கிரீனைக் கொஞ்சம் பாருங்க. நேத்து நீங்க திருத்தின பக்கம். வெப்சைட்டை மூடறதுக்கு முன்னாடி எடுத்து வெச்சேன். 'என் சாயங்காலம்'. சுண்டெலி எழுதினது. சத்தமா படிங்களேன்.

– எதுக்கு? நேத்து படிச்சதுதானே.

– எனக்காக ஒரு தடவை.

– 'எங்க அம்மாவுக்கு பேக்கரியில வேலை. வர்றப்ப இருட்டிடும். அது வரைக்கும் நானும் தம்பியும் மட்டும்தான் வீட்டுல இருப்போம். நாங்க வீட்டுப்பாடம் எழுதுவோம். தம்பி எழுதற மாதிரி நடிப்பான்.' நல்லாத்தான் எழுதியிருக்கா. 'எங்களுக்குப் பயமே இல்லை. யாராவது கதவைத் தட்டினா, எங்க அம்மா பேரைச் சொல்லுங்கன்னு கேப்போம். சரியா சொன்னாத்தான் திறப்போம்.' கெட்டிக்காரப் பொண்ணு.

– கெட்டிக்காரிதான். கீழ நீங்க சேத்ததையும் படிச்சுடுங்க.

– இதுல அப்பா பேர் இல்லை. தகப்பன் விட்டுட்டுப் போயிட்டான், எனக்குத் தெரியும். அதனால தாயார் பேரை…

– படிங்க சார்.

– கண்ணாடி மங்குது.

– துடைச்சுக்கோங்க. அவசரமில்லை.

– வேணாம். என்ன எழுதினேன்னு எனக்குத் தெரியும். தாயார் பேரு, வீட்டு நம்பரு, தெரு.

– உங்க கவுண்டருக்கு முன்பின் தெரியாத ஆள் ஒருத்தர் வந்து, எந்த வீட்டுல பிள்ளைங்க தனியா இருக்கு, அவங்கம்மா பேர் என்னன்னு கேட்டா என்ன பண்ணியிருப்பீங்க?

– கழுத்தை அறுத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஒருத்தன் கேட்டான் டீச்சரம்மா. சட்டை மடிப்புக் கலையாத ஆளு. ஒரு பொம்பளை குடிவந்த வீடு எதுன்னு கேட்டான். சொந்தக்காரன்னான். கவர் இருந்தா குடுத்துட்டுப் போங்க, சேத்துடறோம், விலாசம் சொல்ற வழக்கம் இல்லைன்னேன். மேலதிகாரிகிட்ட எழுதிப் போடறேன்னு மிரட்டினான். போட்டுக்கோன்னு சொல்லிட்டு ஜன்னலைச் சாத்தினவன் நான்.

– தெரியும் சார். உங்களைப் பாத்தாலே தெரியுது.

– எவ்வளவு நேரம் இருந்துச்சு இது? வெளியில?

– நேத்து மத்தியானத்துலேருந்து இன்னிக்குக் காலைல நான் வந்து பாக்கற வரைக்கும்.

– யாரு பாத்தாங்க?

– அதைத்தான் சொல்ல முடியாது. நம்ம ஊர்க்காரங்க நாலு பேர் பாத்திருக்கலாம். யாருமே பாக்காமலும் இருந்திருக்கலாம். சுண்டெலி அம்மாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன். வேலையைப் பாதியில போட்டுட்டு ஓடி வந்தாங்க. கையெல்லாம் மாவு. என்னைத் திட்டினாங்க, அது நியாயம். இன்னிக்கு ராத்திரி உக்காந்து பிள்ளைங்களுக்கு வேற பேச்சு சொல்லிக் குடுக்கணும்னு போனாங்க, யார் தட்டினாலும் திறக்காதீங்கன்னு.

– அந்த நாற்காலியை இப்படித் தள்ளுங்க டீச்சரம்மா.

– அது சின்னது சார், இதுல உக்காருங்க.

– இதே போதும். இதுவே அதிகம்.

– தண்ணி குடிக்கறீங்களா?

– வேணாம். என்னை என்ன பண்ணணுமோ பண்ணுங்க. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் போய் நின்னு சொல்லச் சொன்னாலும் சொல்றேன், விலாசம் தெரியாதுன்னு சாக்குச் சொல்ல முடியாது எனக்கு. பேத்தியை மட்டும் விட்டுடுங்க. சின்னப் பொண்ணு.

– அது என் கையில இல்லை சார். விதியெல்லாம் வகுப்பு உக்காந்து எழுதினது. பாஸ்வேர்டை யாருக்குக் குடுத்தாலும், பெத்தவங்களா இருந்தாலும் சரி, காவல் பதவி போயிடும். வருஷம் முடியற வரைக்கும் வெப்சைட்ல எழுதவும் முடியாது. 'பெத்தவங்களா இருந்தாலும்'னு சேக்கணும்னு சண்டை போட்டு எழுத வெச்சதே உங்க பேத்திதான்.

– போடுவா. அவ யாரு பேத்தி.

– இன்னிக்குக் காலைல நான் வகுப்புல விஷயத்தைச் சொல்லி முடிக்கல, எழுந்துட்டா. 'தாத்தாதான் மாத்தியிருப்பாங்க மிஸ். பாஸ்வேர்டை நான்தான் குடுத்தேன்'னா. சுண்டெலி திரும்பி அவளைப் பாத்தா பாருங்க, அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். ரெண்டும் ஒரே பெஞ்சு.

– என்ன சொன்னா?

– நான்தான் குடுத்தேன்னு.

– குடுத்தேன்னா சொன்னா?

– ஆமா. ஏன் சார்?

– ஒண்ணுமில்லை.

– அவ குடுக்கலையா?

– அது வீட்டு விஷயம்.

– வீட்டு விஷயம்தான். ஆனா கடைசி பீரியட்ல வகுப்பு உக்காந்து முடிவு பண்ணப்போகுது. அவ குடுக்கலைன்னா இந்த விதி அவளைத் தொடாது.

– அவ குடுத்தேன்னு சொன்னா, குடுத்தா. எங்க வீட்டுல யாரும் பொய் சொல்ல மாட்டோம். நான் கிளம்பறேன்.

– சரி சார். பாத்துப் போங்க, படியில வாசல் பக்கம் ஈரமா இருக்கு.

– டீச்சரம்மா.

– சொல்லுங்க.

– அடுத்தவன் கவரை ஒரு தபால்காரன் பிரிச்சுப் பாத்துட்டான்னு வெச்சுக்கோங்க. அவனுக்கு என்ன பேரு?

– எனக்கு உங்க ஆபீஸ் சட்டம் தெரியாதே.

– எனக்குத் தெரியும். அப்படி ஒருத்தனை நானே மேலிடத்துக்கு எழுதி வேலையை விட்டு அனுப்பியிருக்கேன். அழுதான். பிள்ளைகுட்டிக்காரன்னு சொன்னான். விடலை நான். பொண்ணைக் கூப்பிடுங்க.

– இப்பவா?

– இப்பவே. இந்த நாற்காலியை விட்டு எழுந்துட்டேன்னா அப்புறம் எனக்கு மனசு வராது.

– கம்பளிப்பூச்சி! இங்க வாம்மா. வராண்டாவுல எட்டிப் பாத்துட்டு நின்னது போதும்.

– எட்டிப் பாக்கலை மிஸ். தண்ணி குடிக்க வந்தேன். தாத்தா, இதுல ஏன் உக்காந்திருக்கீங்க? முட்டி வலிக்கப் போகுது. வீட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கறேன்…

– நீ எதையும் பாத்துக்க வேணாம். டீச்சரம்மா, நல்லாக் கேட்டுக்கோங்க. இவ எனக்குப் பாஸ்வேர்டைக் குடுக்கலை. நான் எடுத்தேன்.

– தாத்தா!

– குறுக்க பேசாத. முந்தாநாள் சாயங்காலம் இவ கூடத்துல உக்காந்து கம்ப்யூட்டரைத் திறந்தா. நான் தண்ணிச் சொம்போட பின்னாடி போய் நின்னேன். தாகம் ஒண்ணும் இல்லை. விரல் எங்கெங்க போகுதுன்னு பாத்து, ஒவ்வொரு எழுத்தா மனசுல வாங்கிக்கிட்டேன். மறுநாள் இவ பள்ளிக்கூடம் போனப்புறம் உக்காந்து தட்டினேன்.

– ஏன் சார், கேட்டிருக்கலாமே?

– கேட்டாக் குடுக்கமாட்டா. கேக்கவும் எனக்கு வாய் வராது. ஜன்மத்துல யார்கிட்டயும் எதையும் கேட்டதில்லை. ரிட்டயர் ஆன நாள்லேருந்து என் முன்னாடி ஒருத்தரும் ஒரு கவரைக் கூட நீட்டினதில்லை டீச்சரம்மா. பேப்பரை ரெண்டு தடவை படிக்கறேன். காலண்டரைப் படிக்கறேன். திடீர்னு பாத்தா முப்பது பக்கம், ஒண்ணுல விலாசம் இல்லை. கை சும்மா இருக்கலை. இப்ப விஷயம் அது இல்லை. குடுக்காததை எடுத்தா அதுக்குப் பேர் திருட்டு. அதை எந்த வகுப்புல சொல்லணுமோ அந்த வகுப்புல வந்து நானே சொல்றேன்.

– பிள்ளைங்க முன்னாடியா?

– முப்பது பேர் முன்னாடியும். அந்த பேக்கரி அம்மாவையும் கூப்பிடுங்க. பழைய போஸ்ட் மாஸ்டர் பேத்தியோட பாஸ்வேர்டைத் திருடினான்னு நாளைக்கு ஊரே பேசட்டும். எனக்கு உண்டான பேரு, நான் சுமக்கறேன். இவளுக்கு உண்டானதை இவகிட்டத் திருப்பிக் குடுங்க.

– தாத்தா, வேணாம். நீங்க வகுப்புக்கு வராதீங்க. பருந்து சிரிப்பான்.

– சிரிக்கட்டும். அவன் வீட்டு நம்பரை ஊருக்கே காட்டினவன் நான், சிரிக்க உரிமை உண்டு அவனுக்கு.

– ஒரு நிமிஷம் சார். கம்பளிப்பூச்சி, தாத்தா சொல்றதைக் கேட்ட இல்ல? அப்ப உன்மேல தப்பு இல்லை. புது பாஸ்வேர்டு போட்டுத் தர்றேன். காவல் நீதான். சுண்டெலிகிட்ட நானே பேசறேன்.

– இல்லை மிஸ்.

– என்ன இல்லை?

– நான் காலைல சொன்னதுதான் மிஸ். நான்தான் குடுத்தேன்.

– ஏய், எனக்காகப் பொய் சொல்லாத. என் மானத்தைக் காப்பாத்த நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். எனக்கே மானம் வேணாம்னுதான் வந்து உக்காந்திருக்கேன்.

– நான் பொய் சொல்லலை தாத்தா.

– சொல்லலையா? வாயால சொன்னியா எங்கிட்ட? காகிதத்துல எழுதி நீட்டினியா? எப்படிக் குடுத்த? டீச்சரம்மா முன்னாடி சொல்லு பாப்போம்.

– தாத்தா, நீங்க பின்னாடி வந்து நின்னது எனக்குத் தெரியும். நீங்க தினம் காலண்டரைப் படிச்சிட்டு உக்காந்திருக்கறதும் தெரியும். நீங்க பாக்கட்டும்னுதான் அன்னிக்கு ஒவ்வொரு எழுத்தா நிறுத்தி நிறுத்தித் தட்டினேன்.